நடை, ருசி, அதிகாரம்: திருவல்லிக்கேணி 'ஃபுட் வாக்'கை முன்வைத்துச் சில குறிப்புகள்

சனி, ஞாயிறுகளில் சென்னையில் 'ஃபுட் வாக்' என்றொரு சமாச்சாரம் நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேர் முன்கூட்டியே பணம் கட்டிப் பெயர் கொடுக்கிறார்கள். குறித்த நேரத்தில் ஒரு தெருமுனையில் கூடுகிறார்கள். வழிகாட்டி ஒருவர் முன்னால் போக, ஒரு பேட்டையின் ஐந்தாறு கடைகளில் புகுந்து புறப்பட்டு, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தின்று, அந்தக் கடையின் கதையைக் கேட்டு, படமெடுத்துக்கொண்டு மூன்று மணி நேரத்தில் கலைகிறார்கள். மயிலாப்பூர், சவுக்கார்பேட்டை, திருவல்லிக்கேணி என்று பேட்டை மாறும், விதி மாறாது. நாலு பேர் இட்லி தின்னப் போவதைப் பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று தோழர்கள் கேட்கலாம். தின்பது ஒருபோதும் சும்மா தின்பதாக இருந்ததில்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததை நாம் கிராமத்து டீக்கடையின் இரட்டைக் குவளையோடு நிறுத்திக்கொள்கிறோம். நகரத்தின் நெய்மணக்கும் பிரதிகளை வாசிக்காமல் விட்டுவிடுகிறோம்.

திருவல்லிக்கேணி நடையில் நான் இரண்டு முறை கலந்துகொண்டேன். இரண்டு என்பதற்குக் காரணம் உண்டு. பெயர் கொடுக்கும் படிவத்தில் முதல் கேள்வி 'பெயர்'. இரண்டாவது கேள்வி 'வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா'. இரண்டுக்கும் வேறு வேறு வழித்தடம், வேறு வேறு நாள். சனிக்கிழமை காலை சைவம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அசைவம். சனிக்கிழமை பெருமாளுக்கு உகந்த நாள் என்று ஏற்பாட்டாளர் விளக்கினார். யாரும் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

அந்தப் பேட்டையைத் தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டு தடங்களும் எந்தெந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒன்று பார்த்தசாரதி கோயிலைச் சுற்றிய தெருக்கள். மற்றது வாலாஜா பெரிய மசூதி, ஜாம்பஜார், சேப்பாக்கம். பெருமாளின் ஊரும் ஆற்காட்டு நவாபின் ஊரும் ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்தபடி இருநூறு வருடங்களுக்கு மேலாகக் கிடக்கும் இடம் இது (மசூதி 1795இல் கட்டியது). அங்கே குடியிருப்பவர்களின் கால்களுக்கு இந்தக் கோடு தெரியாது. தெற்கு மாட வீதிக்காரர் காய்கறி வாங்க ஜாம்பஜார்தான் போவார். கோடு படிவத்தில் இருக்கிறது.

மிஷெல் தெ செர்த்தோ, 1980இல் வெளிவந்த அன்றாட வாழ்க்கை பற்றிய நூலில், நகரத்தை உயரத்திலிருந்து பார்க்கிறவனின் வரைபடத்துக்கு எதிராகக் கீழே நடந்து போகிறவனை நிறுத்துகிறார். நடப்பவன் குறுக்குச் சந்தில் புகுவான், நிற்கக்கூடாத இடத்தில் நிற்பான், திட்டமிட்டவன் எழுதி வைத்த நகரத்தைத் தன் வாயால் வேறு மாதிரி உச்சரிப்பான். அவருக்கு நடை ஒரு பேச்சு. நம்மில் பலருக்கும் இந்த வாசகத்தின்மேல் ஒரு மயக்கம் உண்டு, எனக்கும் இருந்தது. திருவல்லிக்கேணியில் இரண்டு நாள் நடந்தபிறகு எனக்குப் பட்டது இதுதான்: நடை தானாகவே எதிர்ப்பு ஆகிவிடாது. வரைபடமே கால் முளைத்து நடக்கவும் முடியும். எங்கே நிற்பது, எதை வாயில் போடுவது, போடும்போது எந்தக் கதையைக் கேட்பது என்று எல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்ட நடை அது.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நெடுஞ்சாலையில் ரத்னா கபேயில் எங்கள் பன்னிரண்டு பேருக்கும் நான்கு தட்டு இட்லி சொன்னார்கள். 1948இலிருந்து இருக்கிற கடை. இட்லியைச் சாம்பாரில் மூழ்கடித்துத் தருவார்கள், தீரத்தீரக் கொண்டுவந்து ஊற்றுவார்கள். முன்பின் தெரியாத மூன்று பேர், மூன்று ஸ்பூன், ஒரே தட்டு. 'எச்சில்' என்ற சொல்லை வைத்து இந்த நாட்டில் எவ்வளவு பெரிய அதிகாரக் கட்டுமானம் எழுந்திருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால், அந்த மேசையில் நடந்தது சின்ன காரியமில்லை. யாருடைய ஊர் எது, தெரு எது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் அந்தச் சாம்பாரை அனுபவித்துத்தான் குடித்தேன். எச்சில் உடைந்ததை மறைத்துவிட்டு விமர்சனம் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் படிவத்தின் இரண்டாவது கேள்வியைத் தாண்டி வந்தவர்கள்தான் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதே கடையில் வழிகாட்டி ஒரு தகவலை வேடிக்கைபோலச் சொன்னார்: தென்னிந்தியச் சாம்பாருக்கே அடையாளமாகிப்போன இந்தக் கடையைத் தொடங்கியது வடக்கிலிருந்து வந்த ஒரு குடும்பம். எல்லோரும் 'அப்படியா!' என்று சிரித்தோம். சிரித்துவிட்டு அடுத்த கடைக்குக் கிளம்பினோம். கொஞ்சம் நின்றிருந்தால், 'அசல்', 'ஒரிஜினல்' என்று எதைத் தேடிக் காலையில் கிளம்பி வந்தோமோ அந்தக் கருத்தாக்கத்தையே கவிழ்த்துப் போடுகிற தகவல் அது. கைப்பக்குவம் பிறப்பில் வருவதில்லை, பழக்கத்தில் வருகிறது என்பதற்கு இதைவிட ருசியான சாட்சி கிடையாது. அந்தச் சாட்சியம் ஒரு குறிப்பிட்ட பலகையின் முன் நின்று சொல்லப்பட்டிருக்க வேண்டியது. அந்தப் பலகைக்கு வருகிறேன்.

முரளி கபே என்று திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டல். பெயர்ப் பலகையில் 'பிராமணாள்' என்ற சொல் இருந்தது. அதை எடுக்கச் சொல்லிப் பெரியார் 1957 மே மாதத்தில் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நீண்டது. தொண்டர்கள் நாள் தவறாமல் வந்தார்கள், நாள் தவறாமல் கைதானார்கள். வெளியூர்களிலிருந்து முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். கோட்டையில் காமராஜர் முதலமைச்சர். அதே வருடம் நவம்பர் 26 அன்று சாதியைக் காக்கும் சட்டப் பிரிவுகளை எரித்து ஆயிரக்கணக்கானவர்கள் சிறைக்குப் போனார்கள். இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் ஒரு ஹோட்டல் வாசலில் என்ன நடந்தது என்று பிடிபடும்.

ஏனென்றால் சட்டம் அப்போது இருந்தது. 1950இல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடைகள், பொது உணவு விடுதிகள், ஹோட்டல்கள் என்று பெயர் சொல்லியே எழுதுகிறது: மதம், சாதி, பிறப்பு எதைக் காட்டியும் யாரையும் தடுக்கக் கூடாது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் ஹோட்டல் என்ற சொல் எதற்காக வர வேண்டும்? அங்கே எத்தனை பேர் வாசலில் நிறுத்தப்பட்டிருந்தால் அது அங்கே வந்திருக்கும்? தென்னிந்திய ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பார்ப்பனருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்ற ஏற்பாடு 1941 வரை இருந்தது. 'ஓட்டல் சாப்பாடு' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த நாற்காலி சண்டை போட்டு வாங்கிய நாற்காலி.

பலகை யாரையும் உள்ளே வராதே என்று சொல்லவில்லையே, சமைப்பவர் யார் என்றுதானே அறிவிக்கிறது என்பார்கள். 2012இல் ஸ்ரீரங்கத்தில் ஒரு கடைக்கு அதே சொல்லோடு பலகை ஏறியபோதும் இந்த ரக வாதம்தான் வந்தது. குறியியல் தெரிந்தவர்களுக்கு இதில் குழப்பம் வேண்டியதில்லை. ஒரு குறிப்பான் தனியாக நின்று எதையும் குறிப்பதில்லை, வேறுபாட்டில்தான் குறிக்கிறது. 'பிராமணாள்' என்று எழுதிய பலகை சாம்பாரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. யார் கை பட்டால் சாம்பார் கெடும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் கைக்குச் சொந்தக்காரன் உள்ளே உட்கார்ந்து, காசு கொடுத்து, அதே சாம்பாரை ஊற்றித் தின்றுவிட்டு, வெளியே வந்து தன்னை மறுக்கிற பலகையை நிமிர்ந்து பார்க்க வேண்டும். மறியல் செய்தவர்கள் மறுத்தது இதைத்தான்.

அந்தச் சொல் கடைசியில் பலகையிலிருந்து போயிற்று. போன இடம் காலியாக இருக்கிறதா என்றால், இல்லை. 'உயர்தர' வந்து உட்கார்ந்துகொண்டது. 'உயர்தர சைவ உணவகம்' என்ற தொடரை எவ்வளவு இயல்பாக வாசிக்கிறோம்! 'உயர்தர அசைவ உணவகம்' என்று எழுதினால் என்னமோ அச்சுப்பிழை மாதிரி இருக்கிறது. 'சைவம்' என்ற சொல்லே விசித்திரமானது. பெருமாள் கோயில் தெருவில் நின்றுகொண்டு, அய்யங்கார் வீட்டுப் புளியோதரையைக் கையில் வைத்துக்கொண்டு, 'சைவம்' என்கிறோம். சமயப் பெயர் வயிற்றுக்கு இறங்கி, நாட்டில் மிகப் பெரும்பான்மையானவர்கள் தின்பது ஒரு 'அ' ஒட்டிய எதிர்மறையாகிவிட்டது. பெரும்பான்மையின் சோற்றுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. இலங்கைத் தமிழர்கள் 'மரக்கறி' என்கிறார்கள். காயைப் பற்றிய சொல்லாக இருக்கிறது, அதோடு நிற்கிறது.

இப்போது 'உயர்தர' என்பதும் கொஞ்சம் பழசாகிவிட்டது. நடையில் நான் அதிகம் கேட்ட சொல் 'பாரம்பரியம்'. பாரம்பரியக் காபி, பாரம்பரிய போளி, பாரம்பரியத் தெரு. இந்தச் சொல்லின் சாமர்த்தியமே தனி. அது எதையும் மறுப்பதில்லை; சண்டையை மட்டும் கழித்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்கிறது. முரளி கபே பற்றி நடையில் ஒரு வார்த்தை இல்லை. நானேதான் கேட்டேன். வழிகாட்டி இளம்பெண், படித்தவர், நல்லவர். ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். "நல்ல கதை சார். ஆனா அந்தப் பேர்ல இப்ப கடை இல்லையே. அங்க நிறுத்தி என்ன சாப்பிடறது?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குக் கால் மணி நேரம் முன்புதான் கோயில் வாசலில் நின்று 1921இல் பாரதியை யானை தள்ளிய கதையைக் கேட்டிருந்தோம். யானைக்குத் தேங்காய் கொடுக்கப் போனார் என்பதால் அதுவும் உணவுக் கதை ஆகிவிட்டது போலும். யானையையும்தான் தின்ன முடியாது.

கோயில் வாசலில் சொல்லப்படாத இன்னொன்றும் உண்டு. அர்ஜுன் அப்பாதுரை இதே பார்த்தசாரதி கோயிலை ஆராய்ந்து 1981இல் புத்தகம் வெளியிட்டவர். அதே வருடம் அவர் எழுதிய கட்டுரைதான் 'உணவரசியல்' பற்றிய பேச்சைக் கல்விப்புலத்தில் தொடங்கிவைத்தவற்றில் ஒன்று. தமிழ்ப் பார்ப்பனர் வீடு, கல்யாணப் பந்தி, கோயில் என்ற மூன்று களங்கள். யாருக்கு முதலில் பரிமாறுவது, யாருக்குத் தீர்த்தம் முதலில், யார் காத்திருப்பது. சோறு எப்படி மரியாதையின் மொழியாகிறது, அந்த மொழியில் எப்படிச் சண்டை போடுகிறார்கள் என்று நுணுக்கமாகக் காட்டுகிறார். உணவைப் பற்றி எழுத நினைக்கிற தோழர்கள் வாசிக்க வேண்டிய கட்டுரை. ஆனால் அது பந்திக்குள் நடக்கிற சண்டை. அங்கே அவமதிக்கப்பட்டவருக்கும் இலை உண்டு. 1957இல் தெருவில் நின்றவர்களுடைய கேள்வி, பந்தியின் வரிசையைப் பற்றியதல்ல. அதன் கதவைப் பற்றியது. நமக்குக் கிடைத்த உணவரசியல் கோட்பாடு கோயில் வாசலிலிருந்து புறப்பட்டது. மறியல் நடந்த வாசலிலிருந்து புறப்பட்ட ஒன்றை நாம் இன்னும் எழுதவில்லை.

நடையின் முதல் விதி, "கொஞ்சமா சாப்பிடுங்க, அடுத்த கடைக்கு இடம் வைங்க" என்பது. இதைக் கேட்டபோதுதான் இந்த நடைக்கு யார் வர முடியும் என்று உறைத்தது. பசிக்காதவர்கள். கால் இட்லி, அரை போளி, ஒரு வாய் காபி. ருசி என்பது பசியைக் கழித்தபின் எஞ்சுவது என்று பூர்தியா 1979இல் பக்கம் பக்கமாக எழுதியதை ஒரு வழிகாட்டி ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அக்பர் சாகிப் தெருவில் காசி விநாயகா மெஸ் இருக்கிறது (காசி விநாயகர் அக்பர் சாகிப் தெருவில் குடியிருப்பதுதான் திருவல்லிக்கேணி). மேன்ஷன்களில் அறைக்கு மூன்று பேராகத் தங்கியிருக்கும் வெளியூர் ஆண்கள் டோக்கன் வாங்கிக்கொண்டு, சாப்பிடுகிறவன் எழுந்திருக்கக் காத்து நின்று, உட்கார்ந்து, வயிறு நிறையத் தின்றுவிட்டுப் போகிற இடம். எங்கள் நடை தெருமுனையில் நின்று அதைக் கைகாட்டிவிட்டு நகர்ந்தது. அங்கே யாரும் அடுத்த கடைக்கு இடம் வைப்பதில்லை. நாளைக்கும் அதே ரசம், அதே மோர். தினமும் ஒரே இடத்தில் தின்கிறவனுக்குச் சொல்ல ருசிக்கதை இருக்காது என்று நடை நினைக்கிறது. திருவல்லிக்கேணியில் பத்து வருடம் மேன்ஷனில் இருந்தவனிடம் கேட்டுப் பாருங்கள், மாதக் கடைசியில் எந்த மெஸ்ஸில் கணக்கு வைக்கலாம், எவர் சொல்லாமலே இரண்டாம் தடவை பொரியல் வைப்பார் என்று ஒரு முழு வரைபடம் தருவான். பெண்கள் அந்த வரைபடத்தில் அநேகமாக இல்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நடை சனிக்கிழமையைவிட உற்சாகமாக இருந்தது. சேப்பாக்கத்தில் 1961இலிருந்து இருக்கும் நாயர் மெஸ்ஸில் மீன் வறுவல், பிறகு பிரியாணி, பிறகு ஒரு பாயாக் கடை. அன்று கூட வந்தவர் நண்பர் ஒருவர், அந்தப் பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர், தொழிற்சங்க வேலை பார்ப்பவர். ஆடு, கோழி, மீன், இறால் எல்லாம் பட்டியலில் இருந்தன. மாடு இல்லை. சாயங்காலமானால் அந்தப் பக்கத்துத் தெருக்களில் தோசைக்கல்லில் பீஃப் வறுபடுகிற வாசனை தெருமுனை வரை வரும். எங்கள் நடை அதற்குள் முடிந்துவிட்டது. கேட்டதற்கு, "சிலருக்கு ஒத்துக்காது சார்" என்று பதில். நண்பர், "ஒத்துக்காததுன்னா வயித்துக்கா தோழர், சாதிக்கா?" என்று என் காதில் சொன்னார். சத்தமாகச் சொல்லியிருக்கலாம்.

தனியார் நடையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. 2022 மே மாதத்தில் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகமே பிரியாணித் திருவிழா அறிவித்தது. பீஃப் பிரியாணிக்கு இடமில்லை என்றது. ஆம்பூரில்! எதிர்ப்புக் கிளம்பியது, மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிப்போனது, இது பாகுபாடுதான் என்று மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் கேள்வி எழுப்பியது. அதே வருடம் ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடலில் அரசு நடத்திய உணவுத் திருவிழாவிலும் முதலில் பீஃப் இல்லை. சத்தம் போட்ட பிறகுதான் வந்தது. பெரியார் பெயர் சொல்லி ஆளும் ஆட்சியில், பெயர்ப் பலகை எதுவுமில்லாமலேயே, அந்தப் பழைய பலகை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. எழுதாத பலகையை எந்தத் தாரைக் கொண்டு அழிப்பது என்பதுதான் சிக்கல். சத்தம் போட்டால் அழிகிறது என்பது தீவுத்திடலில் தெரிந்தது.

காய்கறி தின்பதே அதிகாரம் என்று யாரும் வாசித்துவிட வேண்டாம். இதே வாலாஜா மசூதிக்கு ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கச் சாப்பாடு வருவது, பிரிவினையில் சிந்துவிலிருந்து அகதியாக வந்த ஒருவர் தொடங்கிய மயிலாப்பூர் சூஃபிதார் அறக்கட்டளையிலிருந்து. பல பத்தாண்டுகளாக வருகிறது. இந்துக்கள் சமைத்த மரக்கறிச் சாப்பாடு. நூற்றுக்கணக்கானவர்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து தின்கிறார்கள். மத நல்லிணக்கம் என்று பத்திரிகைகள் வருடாவருடம் படம் போடும், அது ஒரு சடங்காகிவிட்டது என்றாலும், அங்கே சமைத்த கை யாருடையது என்று அறிவிக்கிற பலகை இல்லை. அதே பருப்பு, அதே அரிசி. பிரச்சினை பருப்பில் இல்லை.

நடை முடிந்தபிறகு நண்பர் என்னைக் கடற்கரைப் பக்கம் கூட்டிப்போனார். நாங்கள் மத்தியானம் மீனைச் சப்புக்கொட்டித் தின்ற இடத்திலிருந்து போய்ச் சேரக்கூடிய தூரத்தில் நடுக்குப்பம். 2017 ஜனவரி 23 அன்று, மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடியிருந்தவர்களைப் போலீஸ் விரட்டியபோது, ஓடிவந்த மாணவர்களுக்கு வீட்டுக்குள் இடம் கொடுத்தவர்கள் இந்தக் குப்பத்து மக்கள். அன்று இவர்களுடைய மீன் மார்க்கெட் எரிந்தது. போலீஸ்தான் கொளுத்தியது என்று மீன் விற்கும் பெண்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். வீடு வீடாகப் புகுந்து அடித்ததையும் சொன்னார்கள். திருவல்லிக்கேணியின் உணவு வரலாறு என்று ஒன்று எழுதினால் அந்த மார்க்கெட் எந்த அத்தியாயத்தில் வரும்? 'பாரம்பரியம்' என்ற அத்தியாயத்தில் வராது. மீன் வறுவலை நிறுத்தமாக வைத்த வரைபடத்தில் மீன் விற்ற பலகை எரிந்த இடம் நிறுத்தமில்லை. நண்பர் அங்கே ஒரு அம்மாவிடம் சங்கரா வாங்கினார். 'அக்கா, கொஞ்சம் போட்டுக் குடு' என்று பேரம் பேசிக்கொண்டே.

இதை ஒரு வேலையாக எடுத்துக்கொள்ளலாம் என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டோம். 1957 மறியலில் கைதானவர்களில் இன்று இருப்பவர்கள் தொண்ணூறு வயதுக்காரர்களாக இருப்பார்கள். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், மறியலுக்கு முந்தின இரவு எங்கே தங்கினார்கள், யார் சோறு போட்டார்கள், சிறையில் என்ன கொடுத்தார்கள், விடுதலையாகி வந்தபிறகு முதலில் எந்தக் கடையில் போய் உட்கார்ந்தார்கள் என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். இதழைப் பார்க்கும் தோழர்கள் அதை எழுதியோ சொல்லியோ அனுப்பினால், தெருக்களை வைத்து வரிசைப்படுத்திப் பார்க்கலாம். நடுக்குப்பத்துப் பெண்களிடம் நண்பர் ஏற்கெனவே பேசத் தொடங்கிவிட்டார்.